சம்பளச் சீட்டில் பிடிக்கும் அந்த 1% பயிற்சிப் பணம் அல்ல

மேலே ஒரு அண்ணன், “டேப்லெட், ஜிபிஎஸ் பயிற்சிக்காகத்தான் இங்கே தென்னாப்பிரிக்காவில் லாரி டிரைவர்கள் சம்பளத்தில் மாதம் 1% பிடிக்கிறார்கள், நம் காசிலேயே நமக்குப் பாடம்” என்று எழுதியிருக்கிறார். கோபம் புரிகிறது, ஆனால் கணக்கு தப்பு.

சீட்டில் கழியும் அந்த 1% வேலையின்மைக் காப்பீடு, யுஐஎஃப். முதலாளியும் தன் பங்குக்கு இன்னொரு 1% போடுகிறார். சம்பளம் 17,712 ரான்டைத் தாண்டினால் எல்லாருக்கும் ஒரே தொகைதான்: 177 ரான்ட் 12 சென்ட். 2021 ஜூனில் வைத்த உச்சவரம்பு அது. சீட்டை எடுத்துப் பாருங்கள், அந்த எண் இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

பயிற்சி வரி வேறு. அதுவும் 1% என்பதால்தான் இந்தக் குழப்பம். ஆண்டுச் சம்பளச் செலவு 5 லட்சம் ரான்டுக்கு மேல் போகும் கம்பெனி அதைத் தன் கையிலிருந்து கட்ட வேண்டும். தொழிலாளியிடம் பிடிக்கக் கூடாது. லாரி கம்பெனி என்றால் பெரும்பங்கு டெட்டாவுக்குப் போகும், போக்குவரத்துத் துறையின் பயிற்சி ஆணையம் அது. ஏப்ரல் 30க்குள் பயிற்சித் திட்டமும் அறிக்கையும் கொடுத்தால் ஒரு பகுதி கம்பெனிக்கே மானியமாகத் திரும்பும். கொடுக்காவிட்டால் போச்சு. சிலர் சோம்பலில் விட்டுவிடுகிறார்கள், அப்புறம் “பயிற்சிக்கு பட்ஜெட் இல்லை” என்பார்கள்!

50 பேருக்கு மேல் உள்ள இடத்தில் பயிற்சிக் குழு இருக்க வேண்டும், அதில் தொழிலாளர் பிரதிநிதியும் உண்டு. டர்பன் துறைமுகத்தின் கன்டெய்னர் முனையமான பியர் 2க்கு ஆன்லைனில் நேரம் பதியாமல் கன்டெய்னர் லாரி போக முடியாத காலத்தில், அந்தப் பதிவைச் சொல்லித்தரும் வகுப்பைத் திட்டத்தில் சேர்க்கச் சொல்லி அங்கேதான் கேட்க வேண்டும்.