வைஃபை கார்டை விற்றவர்கள் அதன் ஃபர்ம்வேரையும் தாராளமாகக் கொடுக்கட்டும்

லேப்டாப்பில் லினக்ஸ், பிஎஸ்டி போன்ற திறந்த மூல இயங்குதளம் ஒன்றை நிறுவிய ஒருவர் "எல்லாம் ஓடுது, வைஃபை மட்டும் வரல" என்று சொன்னால் போதும், பக்கத்தில் இருப்பவர் "இதுக்குத்தான் விண்டோஸே போதும்னு சொன்னேன்" என்பார். இந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. பெரும்பாலான நேரங்களில் இயங்குதளத்தில் எந்தக் குறையும் இருக்காது. பழி போய்ச் சேர வேண்டிய இடம் வேறு.

வைஃபை கார்டுக்குள்ளேயே ஒரு சின்ன பிராசஸரும் அதற்கென்று கொஞ்சம் மெமரியும் இருக்கின்றன. சேனல் மாற்றுவது, போய்ச் சேராத பாக்கெட்டைத் திரும்ப அனுப்புவது என்று நேரம் தவறக் கூடாத வேலைகளை அந்த பிராசஸர்தான் பார்க்கிறது. அதில் ஓடும் நிரலுக்குத்தான் ஃபர்ம்வேர் என்று பெயர். அதைக் கார்டிலேயே நிரந்தரமாக எழுதி வைக்கலாம், ஆனால் அதற்குத் தனி சிப் வேண்டும், செலவு கூடும். அதனால் பல கார்டுகளில் மின்சாரம் போனால் அழிந்துவிடும் மெமரி மட்டும்தான் இருக்கும். ஒவ்வொரு முறை பூட் ஆகும்போதும் டிரைவர் (கார்டோடு பேசும் இயங்குதளப் பகுதி) வட்டில் இருக்கும் ஒரு கோப்பைப் படித்துக் கார்டுக்குள் ஏற்ற வேண்டும். இன்டெல் கார்டுகளில் ஏற்றி முடிந்ததும் 'உயிரோடு இருக்கிறேன்' என்று கார்டு டிரைவருக்குச் செய்தி அனுப்பும். அதற்குப் பிறகுதான் மற்ற எல்லாம்.

கோப்பு இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதை கர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி, எழுதும் பதிவில் பார்க்கலாம். டிமெஸ்ஜி கட்டளையைக் கொடுத்தால் லினக்ஸில் ஃபர்ம்வேர் ஏற்ற முடியவில்லை, பிழை மைனஸ் 2 என்று வரும். பிஎஸ்டி வகைகளில் ஒன்றான ஓப்பன்பிஎஸ்டியில் ஃபர்ம்வேரைப் படிக்க முடியவில்லை, பிழை 2 என்று வரும். இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான்: அந்தப் பெயரில் கோப்பு இல்லை. கார்டை அடையாளம் கண்டாயிற்று, டிரைவரும் தயார், எந்தக் கோப்பு வேண்டும் என்றும் அதற்குத் தெரியும். கோப்பு மட்டும் இல்லை. அதைத் தரவிறக்க இணையம் வேண்டும், இணையம் வர அந்தக் கோப்பு வேண்டும். கிணற்றுக்குள் கிடக்கும் கயிற்றை எடுக்கக் கிணற்றில் இறங்கச் சொன்ன மாதிரி.

சரி, அந்தக் கோப்பை இயங்குதளத்தோடு சேர்த்தே கொடுத்துவிடலாமே? அங்கேதான் உரிமம் குறுக்கே நிற்கிறது.

2004 வாக்கில் ஓப்பன்பிஎஸ்டியைத் தொடங்கிய தியோ டி ராட் இதற்காக வெளிப்படையாகவே போராடினார். அவர் நிறுவனங்களிடம் ஃபர்ம்வேரின் மூலநிரலை, அதாவது மனிதர் படித்துத் திருத்தக்கூடிய வடிவத்தை, கேட்கவில்லை. நீங்கள் ஏற்கெனவே கார்டோடு கொடுக்கும் கோப்பை நாங்களும் எங்கள் பயனர்களுக்குக் கொடுக்க அனுமதியுங்கள் என்றுதான் கேட்டார். தைவானைச் சேர்ந்த ராலிங்க் நிறுவனம் கொடுத்தது, ஆவணங்களையும் சேர்த்தே கொடுத்தது. அதனால் அந்தக் கார்டுகளின் ஃபர்ம்வேர் ஓப்பன்பிஎஸ்டிக்குள்ளேயே வருகிறது, தேட வேண்டியதில்லை. இன்டெல் அப்படிச் செய்யவில்லை. இன்டெல்லின் சென்ட்ரினோ லேப்டாப் கொடிகட்டிப் பறந்த காலத்தில், இன்னொரு பிஎஸ்டியான ஃப்ரீபிஎஸ்டியில் 'இன்டெல் உரிமத்தை ஏற்கிறேன்' என்று பூட் லோடர் அமைப்புக் கோப்பில் ஒரு வரி எழுதினால்தான் ஃபர்ம்வேர் ஏறும். காசு கொடுத்து லேப்டாப் வாங்கியவர், அதில் இருக்கும் கார்டு வேலை செய்ய மறுபடியும் ஓர் ஒப்பந்தத்துக்குத் தலையாட்ட வேண்டும் என்பது நியாயமே இல்லை.

பிராட்காம் கதை இதைவிட மோசம். கார்டு எப்படி வேலை செய்கிறது என்று வெளியில் இருந்தவர்களே துருவித் துருவிக் கண்டுபிடித்து லினக்ஸுக்கு டிரைவர் எழுதினார்கள். ஃபர்ம்வேரைப் பகிரவோ அனுமதி இல்லை. அதனால் நிறுவனத்தின் டிரைவரை இறக்கி, அதிலிருந்து ஃபர்ம்வேரை மட்டும் வெட்டி எடுக்கத் தனியாக ஒரு கருவி எழுதினார்கள். அதை ஒவ்வொரு பயனரும் தன் வீட்டில் தானே ஓட்ட வேண்டும். எத்தனை பேருடைய உழைப்பு, எத்தனை பேருடைய நேரம்! ஓர் அனுமதிக் கடிதத்தில் முடிந்திருக்க வேண்டிய விஷயம்.

டெபியன் என்ற லினக்ஸ் வகையில் சிக்கல் வேறு மாதிரி. பகிர அனுமதி இருந்தும், மூலநிரல் இல்லை என்பதால் இப்படிப்பட்ட கோப்புகளை அவர்கள் தள்ளி வைத்தார்கள். 2011-ல் வந்த டெபியன் 6.0-இல் கர்னலில் இருந்தே அவற்றை நீக்கினார்கள். ஃபர்ம்வேர் சேர்த்த நிறுவல் வட்டு இருக்கத்தான் செய்தது, ஆனால் 'அதிகாரப்பூர்வமற்றது' என்ற பெயரில் வேறொரு மூலையில். புதிதாக வருபவர் முகப்பில் இருப்பதை இறக்குவார், நிறுவலின் பாதியில் நெட்வொர்க் இல்லாமல் நிற்பார். 2022-ல் இதை வாக்கெடுப்புக்கு விட்டு, தங்கள் கொள்கைகளைச் சொல்லும் சமூக ஒப்பந்தத்தையே திருத்தினார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் ஃபர்ம்வேர் அதிகாரப்பூர்வ வட்டிலேயே இருக்கிறது. வேண்டாம் என்பவர்கள் பூட் செய்யும்போதே தடுத்துவிடலாம்.

கொள்கையை விட்டுக் கொடுத்துவிட்டார்கள் என்று அப்போது சிலர் வருந்தினார்கள். சுதந்திர மென்பொருள் மேல் அவர்களுக்கு இருக்கும் பற்றை நான் மதிக்கிறேன், எனக்கும் அது உண்டு. ஆனால் அவர்களில் பலர் சொல்லும் ஒரு வாதத்தை என்னால் ஏற்கவே முடியவில்லை. அதே மூடிய ஃபர்ம்வேர் கார்டுக்குள் நிரந்தரமாக எழுதப்பட்டிருந்தால் அது வன்பொருளின் பகுதி, பரவாயில்லை. வட்டில் கோப்பாக இருந்தால் மட்டும் அது சுதந்திரமற்ற மென்பொருள், கூடாது என்கிறார்கள். இரண்டிலும் உள்ளே ஓடுவது ஒரே மாதிரி நிரல்தானே? கண்ணுக்குத் தெரியாமல் இருந்தால் சுதந்திரம் கூடிவிடுமா?

கோப்பாக இருப்பதுதான் நமக்கு நல்லது என்பேன். 2017-ல் போன்களில் இருந்த பிராட்காம் வைஃபை சிப்புகளின் ஃபர்ம்வேரில் பிராட்ப்வ்ன் என்ற ஓட்டையைக் கண்டுபிடித்தார்கள். போன்காரர் எதையும் தொடவே வேண்டாம், வைஃபை வீச்சுக்குள் இருந்தாலே தாக்கலாம். 2020-ல் க்ரூக் என்ற இன்னொரு ஓட்டை வெளிவந்தது. அதில் சில பாக்கெட்டுகள் வெறும் பூஜ்யங்களால் ஆன சாவியில் குறியாக்கமாகி வெளியே போயின. இவற்றையெல்லாம் கருவியைத் தூக்கி எறியாமல் சரிசெய்ய முடிந்ததற்குக் காரணம், ஃபர்ம்வேரை மாற்ற முடிந்ததுதான்.

மூலநிரலும் வேண்டாமா என்றால், கண்டிப்பாக வேண்டும். அது முடியாத காரியமும் இல்லை. ஏஆர் 9271 என்ற யுஎஸ்பி வைஃபை சிப்பின் ஃபர்ம்வேர் மூலநிரலை குவால்காம் ஏதெரோஸ் 2013-ல் வெளியிட்டது. வானம் இடிந்து விழவில்லை. இந்தச் சிப் இருந்ததால்தான் டிபி-லிங்க்கின் டபிள்யூஎன் 722என் என்ற சின்ன அடாப்டர் லினக்ஸ்காரர்களிடம் அவ்வளவு பிரபலமானது. அதன் இரண்டாம் பதிப்பில் மாடல் பெயரை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளே ரியல்டெக் சிப்பை வைத்துவிட்டார்கள். பெட்டியின் மேல் சிப் பெயரை அச்சிடுவதைக் கட்டாயமாக்க வேண்டும் என்று நான் நினைப்பதற்கு இது ஒன்றே போதும்.

என்னைப் பொறுத்தவரை குறைந்தபட்சக் கோரிக்கை தியோ அன்று கேட்டதுதான்: யார் வேண்டுமானாலும் எந்த நிபந்தனையும் இல்லாமல் கோப்பைப் பகிரலாம் என்ற அனுமதி. மூலநிரலுக்கான போராட்டம் தனியாக நடக்கட்டும். அது முடியும் வரை ஒரு மாணவியின் லேப்டாப் நெட் இல்லாமல் கிடக்கக் கூடாது.

இப்போதே வைஃபை இல்லாமல் தவிப்பவர்களுக்கு: ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி கேபிளில் மாட்டி, போனின் இணையத்தைப் பகிரும் டெதரிங்கைப் போடுங்கள். லினக்ஸ், ஓப்பன்பிஎஸ்டி இரண்டுமே அதை நெட்வொர்க் கார்டாக எடுத்துக்கொள்ளும். இதற்குத் தனி ஃபர்ம்வேர் தேவையில்லை. டெபியனில் இன்டெல், ரியல்டெக், ஏதெரோஸ் ஒவ்வொன்றுக்கும் தனி ஃபர்ம்வேர் பொதி உண்டு, உங்கள் கார்டுக்கு உரியதை நிறுவுங்கள். ஓப்பன்பிஎஸ்டியில் எஃப்டபிள்யூ அப்டேட் என்ற கட்டளையே கார்டைப் பார்த்து உரியதை இறக்கிக்கொள்ளும். அப்புறம் ஒருமுறை ரீபூட். அதற்குப் பிறகும் டிமெஸ்ஜியில் கார்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்றால் அது ஃபர்ம்வேர் பிரச்சினை இல்லை, உங்கள் கர்னலுக்கு அந்தக் கார்டே தெரியவில்லை. புத்தம் புதிய லேப்டாப்புகளில் இது நடக்கும், புதிய கர்னலைப் போட்டுப் பாருங்கள். எல்எஸ்பிசிஐ என்ற கட்டளை காட்டும் கார்டின் பெயரைக் கீழே எழுதினால் எந்தப் பொதி என்று சொல்கிறேன்.