மாவுக்கட்டு அரைகுறை வைத்தியம் இல்லை

2020 ஜூன் மாதம். தாராவியில் எங்கள் வீட்டு இரும்பு ஏணியில் கால் வழுக்கி அம்மா விழுந்துவிட்டார். வலது கையை ஊன்றியதில் மணிக்கட்டு முறிந்து புறங்கைப் பக்கம் புடைத்துக்கொண்டது. முதலில் போன தனியார் மருத்துவமனையில் படத்தைப் பார்த்ததுமே "பிளேட் வைக்கணும், கொரோனா டெஸ்ட் எடுத்து அட்மிட் பண்ணுங்க" என்றார்கள். அடுத்துப் பார்த்த எலும்பு டாக்டர், "அறுவை வேண்டாம், இழுத்து வைத்துக் கட்டிடலாம்" என்றார்.

கொரோனா பயத்தில் தட்டிக்கழிக்கிறார் என்றுதான் சொந்தக்காரர்கள் பேசினார்கள். திருநெல்வேலியிலிருந்து சித்தி போனில், "அதுக்குப் புத்தூர் கட்டாவது போட்டிருக்கலாமே" என்றார். மாவுக்கட்டு அரைகுறை வைத்தியம் என்றே இன்றும் பலர் நினைக்கிறார்கள். அது தவறு.

அன்று நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். கண்ணாடி வளையல்களை உடைத்து எடுத்தார்கள். மோதிரத்தைச் சோப்பு போட்டுக் கழற்றினார்கள். முறிந்த இடத்திலேயே மரப்பு ஊசி. முழு மயக்கம் இல்லை, வென்டிலேட்டர் தேவையில்லை. ஒருவர் முழங்கைக்கு மேலே பிடித்துக்கொள்ள, டாக்டர் விரல்களைப் பிடித்து நிதானமாக இழுத்து எலும்பை நேராக்கினார். அப்புறம் ஈர மாவுக்கட்டைச் சுற்றி, அது இறுகும்வரை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தபடியே நின்றார். இறுகும்போது மாவு சூடாகும். "சுடுதுடா" என்றார் அம்மா. எலும்பை நிறுத்திவைப்பது அந்த அழுத்தம்தான். அது ஒரு கைத்திறன். அதற்கு அரைகுறை என்று பெயர் வைக்கக் கூடாது.

அந்த நேரத்தில் அறுவையைத் தவிர்த்ததற்கு வலுவான காரணம் இருந்தது. 24 நாடுகளில் அறுவைக்குச் சற்று முன்போ பின்போ கொரோனா தொற்று உறுதியான 1,128 பேரின் விவரம் 2020 மே மாதம் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. 30 நாட்களுக்குள் இறந்தவர்கள் 23.8 சதவீதம். அவர்களில் பெரிய அறுவைகள், அவசர அறுவைகள் நிறைய உண்டு என்பது சரிதான். ஆனாலும் ஒரு மணிக்கட்டுக்காக வயதான ஒருவரை அந்த நேரத்தில் அறுவை வார்டுக்குள் யார் அனுப்புவார்கள்?

பின்னர் வந்த சான்றும் இதையே சொல்கிறது. பிரிட்டனில் 500 பேரை வைத்து நடந்த டிராஃப்ட்-2 ஆய்வு 2022-இல் வெளியானது. எலும்பை நேராக்கியபின் கம்பி வைத்தவர்களுக்கும் மாவுக்கட்டு மட்டும் போட்டவர்களுக்கும் ஒரு வருடம் கழித்து வலியிலோ கைப்பயன்பாட்டிலோ பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் கட்டு போட்டவர்களில் எட்டில் ஒருவருக்கு எலும்பு மறுபடி விலகி, ஆறு வாரத்துக்குள் அறுவை தேவைப்பட்டது.

அந்த எட்டில் ஒருவரைக் கண்டுபிடிக்க, கட்டு போட்ட முதல் இரண்டு மூன்று வாரங்களில் மறுபடி எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும். ஊரடங்கில் விட்டுப்போனது அதுதான். "ஆறு வாரம் கழித்து வாங்க" என்று அனுப்பப்பட்டவர்கள் எத்தனை பேர்! எங்கள் சந்திலேயே ஓர் அக்கா, அசைக்கக் கூடாது என்று நினைத்து ஆறு வாரமும் கையைத் தூளியில் தொங்கவிட்டபடியே இருந்தார். விரல்களை மடக்கி நீட்டச் சொல்லி யாரும் சொல்லவில்லை. இன்றும் அவரால் முழுசாகக் கையை மூட முடியவில்லை. நினைத்தால் ஆத்திரம் வருகிறது. ஒரு வீடியோ அழைப்பில் சொல்லியிருக்கலாம்.

எல்லா முறிவுக்கும் கட்டு போதும் என்று சொல்லவில்லை. தோல் கிழிந்து எலும்பு வெளியே தெரிந்தால், மூட்டுப் பரப்பே உடைந்து விலகியிருந்தால், விரல்கள் மரத்துப்போனால் கதை வேறு. கட்டுக்குள் வலி ஏறிக்கொண்டே போனாலோ விரல் நீலமானாலோ ராத்திரி என்றும் பார்க்காமல் ஓடுங்கள்.

அம்மாவின் மணிக்கட்டு இப்போதும் லேசாகக் கோணல்தான். அந்தக் கையால்தான் தேங்காய் துருவுகிறார், துணி பிழிகிறார். ஒன்றை மட்டும் நாங்கள் தள்ளிப்போட்டுவிட்டோம். இந்த வயதில் நின்ற உயரத்திலிருந்தோ இரண்டு படியிலிருந்தோ விழுந்து மணிக்கட்டு உடைந்தால், எலும்பு மெலிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்து உடைவது இடுப்பாக இருக்கலாம். வரும் சனிக்கிழமை எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனுக்கு அம்மாவை அழைத்துப் போகிறேன். அந்த அக்காவையும் கூப்பிட்டிருக்கிறேன்.