இரவு என்ன சமைப்பது என்று யோசிப்பதும் வேலைதான்

வீட்டுச் சமையலைப் பகிர்ந்துகொள்வது பற்றி இப்போது நிறையப் பேசுகிறோம். காய் நறுக்குவது யார், அடுப்பில் நிற்பது யார், பாத்திரம் கழுவுவது யார் என்று கணக்குப் போடுகிறோம். இந்தக் கணக்கில் வராத வேலை ஒன்று இருக்கிறது. இன்று இரவு என்ன சமைப்பது என்று தீர்மானிப்பதுதான் அது. அடுப்பைப் பற்றவைப்பதற்குப் பல மணி நேரம் முன்பே அது தொடங்கிவிடுகிறது. அதைச் செய்துகொண்டிருப்பவர் பார்ப்பவர் கண்ணுக்குச் சும்மா இருப்பது போலத்தான் தெரிவார். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார், அலுவலகத்தில் யாரோ பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பார், பிள்ளையின் வீட்டுப்பாடத்தைத் திருத்திக்கொண்டிருப்பார். மனம் மட்டும் சமையலறை அலமாரியைத் திறந்து மூடிக்கொண்டிருக்கும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு வீட்டில் எத்தனை பேர் கரண்டி பிடித்தாலும், தீர்மானிக்கும் பொறுப்பு ஒரே ஆளின் தலையில் இருக்கும்வரை அந்த வீட்டில் சமையல் பகிர்ந்துகொள்ளப்படவில்லை.

ஒரு பதார்த்தத்தின் பெயரைச் சொல்வதில் என்ன பெரிய உழைப்பு என்று தோன்றலாம். அந்தப் பெயரை வாய் சொல்வதற்குள் மனம் எதையெல்லாம் கடந்து வருகிறது என்று பாருங்கள். வீட்டில் என்ன இருக்கிறது, அதில் எது இன்றே பயன்படுத்தாவிட்டால் வாடிவிடும், நேற்றும் முந்தாநாளும் என்ன சாப்பிட்டோம், மதியம் வெளியில் கனமாகச் சாப்பிட்டவர் யார், யாருக்கு வயிறு சரியில்லை, யார் தாமதமாக வருவார், அவர் வரும்போது சூடுபடுத்தினால் அது நன்றாக இருக்குமா, மிச்சம் நாளை மதியத்துக்கு ஆகுமா. வீட்டில் சர்க்கரை நோய் உள்ள பெரியவர் ஒருவரும் வளரும் பிள்ளை ஒன்றும் இருந்தால், ஒரே பாத்திரத்திலிருந்து இருவருக்கும் பொருந்துவதை யோசிக்க வேண்டும். சமைக்கப்போகிறவரின் உடம்பில் இன்று எவ்வளவு தெம்பு மிச்சம் இருக்கிறது என்ற கேள்வியும் உண்டு. அதைக் கடைசியாகத்தான் யோசிக்கிறோம். பல நாட்கள் யோசிப்பதே இல்லை.

இந்தத் தீர்மானத்துக்குக் கெடுவும் உண்டு, அதுவும் பல கெடுக்கள். முழுப் பயறு எதையாவது சமைக்க வேண்டுமானால் முந்தின இரவே ஊறவைத்திருக்க வேண்டும். உறையவைத்த பொருள் என்றால் காலையிலேயே எடுத்து ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றியிருக்க வேண்டும். கடையில் வாங்க வேண்டியது இருந்தால் வீடு திரும்பும் வழியிலேயே நினைவுக்கு வர வேண்டும். ஒவ்வொரு கெடு தாண்டும்போதும் சில வழிகள் அடைபட்டுப் போகின்றன. இரவு ஏழரை மணிக்கு எல்லோரும் பசியோடு "என்ன சாப்பாடு?" என்று கேட்கும்போது, அரை மணி நேரத்தில் ஆகக்கூடியவை மட்டுமே மிஞ்சியிருக்கும். அந்த நேரத்தில் சமையலறை வாசலில் வந்து நின்று "நான் ஏதாவது செய்யட்டுமா?" என்று உண்மையான அக்கறையோடு கேட்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களின் அக்கறையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் வேலையின் முதல் பாதி அவர்கள் அறியாமலேயே முடிந்துவிட்டிருக்கிறது.

நாம் கேட்கும்போது வரும் பதில்களில் என்னை மிகவும் சோர்வடையச் செய்வது "எதுவானாலும் சரி" என்பதுதான். சொல்பவர் விட்டுக்கொடுப்பதாகவே நினைக்கிறார், அதில் எனக்கு ஐயமில்லை. தன் விருப்பத்தைத் திணிக்கக் கூடாது என்று சொல்லித்தான் நம்மில் பலரும் வளர்க்கப்பட்டிருக்கிறோம். கேட்டவருக்கோ யோசனையில் ஒரு பங்கு தேவைப்பட்டது. கேள்வி போன வேகத்தில் அப்படியே திரும்பி வந்துவிடுகிறது. போதாக்குறைக்கு, அந்த "எதுவானாலும்" உண்மையில் எல்லாவற்றையும் உள்ளடக்குவதில்லை. ஒன்றைச் சொன்னால் "அதுவா? இப்போதுதானே சாப்பிட்டோம்" என்று பதில் வரும். இன்னொன்றைச் சொன்னால் வாய் "சரி" என்று சொல்லும், முகம் வேறொன்று சொல்லும். ஆக, யாரும் வெளியே சொல்லாத வேண்டாம்களின் பட்டியலையும் கேட்டவரே நினைவில் சுமக்க வேண்டியிருக்கிறது. எதையும் முன்வைக்காமல் மறுக்கும் உரிமையை மட்டும் கையில் வைத்துக்கொள்வது நியாயமே இல்லை. வேண்டாம் என்பவர் அதே மூச்சில் வேறொன்றைச் சொல்லட்டும். அதற்கு வேண்டியது வீட்டில் இருக்கிறதா என்று எழுந்து போய்ப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

சமூகவியலாளர் அலிசன் டாமிங்கர் 2019-இல் வெளியிட்ட ஓர் ஆய்வைப் படித்தபோது, என் மனத்தில் கலங்கலாக இருந்தது தெளிந்தது. அமெரிக்காவில் 35 தம்பதிகளிடம் விரிவாகப் பேசி, குடும்பம் நடத்துவதில் மனத்துக்குள் நடக்கும் உழைப்பை அவர் நான்கு படிகளாகப் பிரித்திருக்கிறார். தேவை வரப்போவதை முன்கூட்டியே உணர்வது முதல் படி. அதை நிறைவேற்றும் வழிகளைத் தேடுவது இரண்டாவது. அவற்றில் ஒன்றை முடிவு செய்வது மூன்றாவது. முடிவு செய்தபடி நடந்ததா என்று கவனித்துக்கொண்டிருப்பது நான்காவது. மொத்தத்தில் பெண்களே அதிகம் சுமந்தார்கள். குறிப்பாக, முன்கூட்டி உணர்வதும் பின்னால் கண்காணிப்பதும் அவர்கள் பக்கமே சாய்ந்திருந்தன. முடிவெடுக்கும் படியில்தான் இருவரும் சேர்ந்து நின்றார்கள்.

இரவுச் சாப்பாட்டில் இது அப்படியே நடக்கிறது. "இதைச் செய்யட்டுமா, அதைச் செய்யட்டுமா?" என்று ஒருவர் கேட்கிறார். மற்றவர் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார். கூடிப் பேசி முடிவெடுத்தது போலவே இருக்கிறது. அந்த இரண்டையும் தேடிப்பிடித்து முன்னால் வைத்ததற்குப் பின்னால் இருந்த ஒரு நாள் முழுவதுமான கவனத்தை யாரும் பார்ப்பதில்லை. "என் மனைவி என்னைக் கேட்காமல் சமைப்பதே இல்லை" என்று பெருமையாகச் சொல்லும் ஆண்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2018 அறிக்கையின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலைக்கும் பராமரிப்புக்கும் உலக அளவில் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 4 மணி 25 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 1 மணி 23 நிமிடம். இந்த இடைவெளியே மலைக்க வைக்கிறது. பஸ்ஸில் உட்கார்ந்து இரவுச் சமையலை யோசிக்கும் நேரத்தை இதில் எந்தக் கட்டத்தில் எழுதுவார்கள்? பயணம் என்றுதான் எழுதத் தோன்றும். ஆண் பெண் என்ற பேச்சை இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். மனைவியை இழந்தபின் தனியாகப் பிள்ளைகளை வளர்க்கும் நண்பர் ஒருவரும் இதே சுமையைத்தான் சொல்கிறார். சமைப்பது பழகிவிட்டது, தினமும் யோசிப்பதுதான் பழகவில்லை என்பார்.

சுமையைக் கூட்டுவதில் பெரும்பங்கு, தினமும் புதிதாக இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்புக்கு உண்டு. கைபேசியைத் திறந்தால் விதவிதமான சமையல் காணொளிகள் வரிசை கட்டி நிற்கின்றன. பார்க்கப் பார்க்க நம் வீட்டுச் சாப்பாடு நமக்கே மங்கலாகத் தெரிகிறது. இந்த எதிர்பார்ப்பைத் துணிந்து கைவிட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். பொருளாதாரத்துக்கான நோபல் பரிசை 1978-இல் பெற்ற ஹெர்பர்ட் சைமன், 1950-களிலேயே இதற்குப் பொருந்தும் ஒன்றைச் சொல்லியிருக்கிறார். ஆகச் சிறந்தது எது என்று எல்லா வழிகளையும் எடைபோட்டு முடிவெடுக்க மனிதருக்கு நேரமும் இல்லை, அத்தனை தகவலும் இல்லை. போதுமான அளவுக்கு நல்லது ஒன்று கண்ணில் பட்டதும் தேடுவதை நிறுத்திவிடுகிறோம். அவர் பேசியது நிர்வாகங்களையும் பொருளாதாரத்தையும் பற்றி. எனக்கு அது இரவு ஏழு மணிச் சமையலறைக்கே எழுதியது போல இருந்தது. கையில் இருப்பதைக் கொண்டு செய்ய முடியுமா, இருக்கிற நேரத்தில் முடியுமா, வீட்டில் யார் உடம்புக்கும் கெடுதல் இல்லாமல் வயிறு நிறையுமா? இந்த மூன்றுக்கும் ஆம் என்று வரும் முதல் பதார்த்தமே இன்றைய சாப்பாடு. அதைவிட நல்லது இருக்குமோ என்று மேலும் தேட வேண்டியதில்லை.

மாறுதலை விரும்பும் நாக்கைக் குறை சொல்லவில்லை. ஒரே உணவைச் சாப்பிடச் சாப்பிட அதன் மேலுள்ள விருப்பம் குறைவதும், அதே வேளையில் தட்டிலுள்ள வேறோர் உணவின் மேல் விருப்பம் அந்த அளவுக்குக் குறையாமல் இருப்பதும் உண்மை. பார்பரா ரோல்ஸ் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 1980-களின் தொடக்கத்தில் சோதனைகள் மூலம் இதைக் காட்டினார்கள். எனவே முக்கிய உணவு நேற்றையதாகவே இருந்தாலும், பக்கத்தில் வைக்கும் சிறிய ஒன்றை மாற்றினாலே நாக்குக்குப் பெரிய ஆறுதல் கிடைக்கிறது. பச்சையாக நறுக்கிய காய் போதும், புளிப்பாக ஒரு துவையல் போதும்.

எங்கள் வீட்டில் பெரும்பாலான இரவுகளுக்கு வகையை மட்டும் முன்கூட்டியே முடிவு செய்துவைத்திருக்கிறோம். ஒரு நாள் பருப்பு, ஒரு நாள் முட்டை, ஒரு நாள் கீரை, ஒரு நாள் மிச்சம் மீதியைத் தீர்ப்பது. பதார்த்தத்தின் பெயரை எழுதிவைத்தால் அந்தத் திட்டம் புதன்கிழமைக்குள் உடைந்துவிடும், ஏனென்றால் அன்றாட வாழ்க்கை அத்தனை ஒழுங்காக இருப்பதில்லை. வகையை மட்டும் வைத்துக்கொண்டால் வளைந்துகொடுக்க இடம் இருக்கிறது. கேள்வியும் சுருங்கிவிடுகிறது. உலகத்தில் உள்ள எல்லாவற்றிலும் எது என்று யோசிப்பதற்கும், பருப்பில் எது என்று யோசிப்பதற்கும் எத்தனை வேறுபாடு!

மிச்சம் தீர்க்கும் நாளைப் பற்றிக் கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைத்தான் பலர் கௌரவக் குறைவாக நினைக்கிறார்கள். ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்ட அமைப்பு 2024-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022-இல் உலகம் முழுவதும் சுமார் 105 கோடி டன் உணவு வீணாகியிருக்கிறது. அதில் 60 சதவீதம் வீடுகளிலிருந்து போனது. உணவகங்களும் கடைகளும் சேர்ந்து வீணாக்கியதைவிட நம் சமையலறைகள் வீணாக்கியது அதிகம். அலட்சியம் மட்டுமே இதற்குக் காரணம் என்று நான் நம்பவில்லை. என்ன இருக்கிறது என்பதை ஒரே ஒருவர் மட்டும் நினைவில் வைத்திருக்கும் வீட்டில், அவர் களைத்துப்போன வாரம் காய் அழுகத்தான் செய்யும். மற்றவர்களுக்கு அது அங்கே இருந்ததே தெரியாது. மிச்சத்தைப் பயன்படுத்தும்போது கவனமும் வேண்டும். சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்கக் கூடாது, 5 டிகிரி செல்சியஸுக்குக் குறைவான குளிரில் வைக்க வேண்டும், சாப்பிடும்போது நன்றாகக் கொதிக்கச் சூடுபடுத்த வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். இரவு சாப்பிட்டு முடித்ததும் மிச்சத்தை எடுத்துவைப்பவர்தான் நாளைய சாப்பாட்டின் முதல் முடிவை எடுக்கிறார். அந்த வேலையையும் மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும்.

சரி, பகிர்ந்துகொள்வது எப்படி? உதவி கேட்டுக் கேட்டு வாங்குவதில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. கேட்பதே ஒரு வேலையாகிவிடுகிறது. இரவுகளை முழுதாகப் பிரித்துக்கொடுக்க வேண்டும். ஓர் இரவு ஒருவருடையது என்றால், என்ன இருக்கிறது என்று பார்ப்பது, இல்லாததை வாங்குவது, ஊறவைப்பது, முடிவெடுப்பது, சமைப்பது, உப்புக் குறைந்தால் வரும் பேச்சைக் கேட்டுக்கொள்வது எல்லாமே அவருடையவை. மற்றவர் அன்று சமையலறையைப் பற்றி நினைக்கவே கூடாது. இதில் கடினமான பங்கு, இத்தனை காலம் தீர்மானித்துவந்தவருக்குத்தான். மேசைக்கு வருவதைக் குறிப்புச் சொல்லாமல் சாப்பிட வேண்டும். "அந்தக் கீரை வாடிவிடுமே, பார்த்தீர்களா?" என்று மதியம் ஒரு செய்தி அனுப்பினாலும் அந்த இரவு மறுபடியும் உங்கள் தலைக்கே வந்துவிடும். கீரை வாடட்டும். அடுத்த முறை அவரே பார்ப்பார். என் கணவர் தன் இரவுகளில் ஏறத்தாழ ஒரே உணவைத்தான் செய்கிறார். அந்த நாட்களில் மாலை நான்கு மணிக்கு என் மனம் அலுவலக வேலையிலேயே நிற்பது எனக்கு எவ்வளவு பெரிய வரம் என்பதை அவரிடமே சொல்லியிருக்கிறேன்.

"எனக்கு அந்த அளவுக்குத் தெரியாது, நீங்கள்தான் நன்றாகத் திட்டமிடுவீர்கள்" என்ற பதிலை ஏற்க மாட்டேன். திட்டமிடத் தெரிந்தவர்கள் பிறக்கும்போதே அதைத் தெரிந்துகொண்டு வரவில்லை. தினமும் வேறு வழியில்லாமல் செய்து செய்து கற்றுக்கொண்டார்கள்.

தனியாக வாழ்பவர்களுக்குப் பகிர்ந்துகொள்ள ஆளில்லை. அவர்களிடம் ஒன்றே ஒன்று சொல்வேன்: இரவுச் சாப்பாட்டைக் காலையில், வயிறு நிறைந்திருக்கும்போதே முடிவு செய்துவிடுங்கள். பசியும் களைப்பும் சேர்ந்திருக்கும் நேரத்தில் எதையும் யோசிக்கத் தோன்றாது.

பிள்ளைகளை இதில் எப்போது சேர்ப்பது என்று கேட்பவர்களுக்கு, கத்தி பிடிப்பதற்கு முன்பே என்பது என் பதில். நறுக்கவும் தாளிக்கவும் கற்றுக்கொடுப்பதில் காட்டும் அக்கறையை, என்ன சமைக்கலாம் என்று யோசிக்கக் கற்றுக்கொடுப்பதில் நாம் காட்டுவதில்லை. எங்கள் மகளுக்குச் சனிக்கிழமை இரவு. அவள் சமைக்க வேண்டியதில்லை, பெரியவர்கள் சமைத்துக்கொடுப்போம். ஆனால் வெள்ளிக்கிழமை மாலையே ஃபிரிட்ஜையும் அலமாரியையும் அவள் பார்த்துவிட வேண்டும். பாட்டிக்கு மெல்ல முடியுமா என்று யோசித்துவிட வேண்டும். வாங்க வேண்டியதை எழுதி மேசையில் வைத்துவிட வேண்டும். அதில் எழுத மறந்ததை நாங்களாக வாங்கி வருவதில்லை.