களனி கங்கை அம்பத்தலையில் பிறக்கவில்லை

களனி ஆற்றைக் காப்பது பற்றி நடந்த ஒரு கூட்டத்தின் வீடியோவை இதற்குள் பலர் பார்த்திருப்பீர்கள். களனிப் படுகையில் எதை முதலில் செய்வது என்று முடிவெடுக்கக் கூட்டிய அந்த இடத்தில், "மேலே தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்குச் சுத்தம் தெரியாது, விழிப்புணர்வு கொடுக்க வேண்டும்" என்று ஒரு பெரியவர் சொன்னார். சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். பேசாமல் இருக்கத்தான் பார்த்தேன், முடியவில்லை.

அவர்கள் பட்டியலில் முதலில், கொழும்புக்குக் குடிநீர் எடுக்கும் அம்பத்தலையில் கூடுதல் சுத்திகரிப்பு, பிறகு வெள்ளத்துக்குக் கரைகட்டு, கடலிலிருந்து ஆற்றில் ஏறும் உப்புநீருக்குத் தடுப்பு. மலைநாடு கடைசி வரியில், அதுவும் விழிப்புணர்வாக. இது தலைகீழ். மேலிருந்துதான் தொடங்க வேண்டும்.

145 கிலோமீற்றர் ஓடும் ஆறு இது. கெசல்கமு ஓயாவும் மஸ்கெலியா ஓயாவும் காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்களில் தேங்கி, லக்சபானப் பக்கம் மின்சாரம் தந்து, கித்துல்கல, அவிசாவளை, கடுவலை தாண்டித்தான் கொழும்புக்குத் தண்ணீர் வருகிறது. சரிவில் மண் கழன்றால் முதலில் நீர்த்தேக்கம் தூர்கிறது, மிச்சம் கலங்கலாகக் கீழே வருகிறது. மலை மழையைப் பிடித்து வைக்காவிட்டால் வறட்சியில் ஆறு மெலியும், மழைக்கு ஒரேயடியாகப் பாயும். கொழும்புக்குக் குடிநீர் தர லபுகம நீர்த்தேக்கத்தை 1880களில் கட்டி, சுற்றிலும் உள்ள காட்டைக் காத்து வந்தார்கள். மேலே காத்தால்தான் கீழே குடிக்கலாம் என்பது கொழும்புக்குத் தெரியாத விசயமா?

நான் பிறந்தது மஸ்கெலியாப் பக்கம் ஒரு லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில். இப்போது இருப்பது மட்டக்குளியில், ஆறு கடலில் சேரும் இடத்துக்குக் கிட்ட. அம்மா விடியுமுன் மலைத் தண்ணீர் விழும் பீலியடியில் குடத்தோடு வரிசையில் நிற்பார், அப்புறம்தான் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போவார். அந்தப் பீலிக்கு வரும் தண்ணீர் தேயிலை மலைக்குள்ளால்தான் வரும். மேலே மருந்தடித்த நாளிலும் அதைத்தான் குடித்தோம். எதிரே பெரிய நீர்த்தேக்கம், எங்களுக்கு ஒரு குழாய் கிடையாது. சுத்தம் தெரியாதவர்கள் என்று எங்களைச் சொல்கிறார்கள். லயத்து வாசலை ஒரு நாள் வந்து பாருங்கள், சாணி மெழுகியிருக்கும்.

"உன் ஊர் என்பதால் பேசுகிறாய்" என்பீர்கள். ஆமாம், என் ஊர். அதனால்தான் எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியவில்லை. கொழும்பில் இருப்பவர் கொழும்பைப் பற்றிப் பேசினால் அது தேசிய நலன், நான் மஸ்கெலியாவைப் பற்றிப் பேசினால் ஊர்ப்பாசமா?

"உப்புநீர் ஏறுகிறதே, அது அவசரமில்லையா?" அவசரம்தான். ஆனால் ஏன் ஏறுகிறது? மணல் அள்ளி அள்ளி ஆற்றுப் படுக்கை தாழ்ந்து போனது ஒரு பெரிய காரணம். அள்ளியது யார்? லயத்துக்காரர்களா? 2015இல் ஒரு தொழிற்சாலை டீசல் ஆற்றில் கலந்து கொழும்புக்குத் தண்ணீர் நின்றது. அந்த முதலாளிமாருக்கு விழிப்புணர்வு வகுப்பு வைக்க வேண்டும் என்று யாரும் சொன்னதாக எனக்கு நினைவில்லை. 2016 மே வெள்ளத்தில் கொழும்பை ஒட்டிய கொலன்னாவை மூழ்கியதற்கு மழை மட்டுமா காரணம்? சதுப்பு நிலத்தை நிரப்பிக் கட்டடம் கட்டியவர்கள் யார்? அவர்களைப் பார்த்துச் சுத்தம் தெரியாதவர்கள் என்று ஒரு வாய் சொல்லட்டும் பார்ப்போம்.

காசில்லை என்பவர்களுக்கு: அம்பத்தலைக்குக் காசு கிடைக்கிறது. அவ்வளவுதான் என் பதில்.

லயத்துக் கழிவு ஆற்றில் சேர்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. சேர்கிறது, சேரக் கூடாது. ஆனால் ஏன் என்று கேளுங்கள். அந்த லயக் காம்பராவும் (அறையும்) அது நிற்கும் மண்ணும் எங்களுடையவை அல்ல. நிலம் அரசாங்கத்துடையது, 1992இலிருந்து நிர்வாகம் கம்பனிகளிடம். எங்கள் தோட்டத்தில் ஒரு கக்கூஸ் குழி வெட்டவும் தோட்ட நிர்வாகியான துரையிடம் போய்த்தான் நிற்க வேண்டும். அப்பா அப்படி நின்று, கிடைக்காமல் திரும்பி வந்ததைப் பார்த்தவள் நான். இருநூறு வருடமாக அந்த மலையில் உழைத்தவனுக்கு ஒரு குழி வெட்ட உரிமையில்லை, ஆற்றை அழுக்காக்கிய பழி மட்டும் அவனுக்கு.

ஆகவே பட்டியல் போடுபவர்கள் இதையும் எழுதிக்கொள்ளுங்கள். லயத்தில் இருப்பவர்களுக்குக் காணி உறுதி, ஒவ்வொரு வீட்டுக்கும் குழாயும் ஒழுங்கான கழிப்பறையும், ஓடைக் கரையோரத்தில் தேயிலையை எடுத்துவிட்டு மரம். பேசுவதற்கு அங்கிருந்து கொழுந்து பறிக்கும் ஒரு அம்மாவையும் கூப்பிடுங்கள், அவருக்கு அன்றைய சம்பளத்தையும் கொடுத்து.