ஸ்கூலிங்கைப் பற்றி என் பிள்ளைகள் முன்னால் அப்படிப் பேசாதீர்கள்

சனிக்கிழமை விருந்துக்கு வந்திருந்தவர்களுக்கு நான் எதைப் பற்றி எழுதுகிறேன் என்று தெரியும். யார் சொன்னார் என்பது முக்கியமில்லை. பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "ஏதோ ஒரு தடவை குருட்டாம்போக்கில் ஜெயித்தான், அப்புறம் கஞ்சா" என்று நம் சிங்கப்பூர் நீச்சல் வீரர் ஜோசஃப் ஸ்கூலிங்கின் கதையை ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். எல்லாரும் சிரித்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அதுதான் இரண்டு நாளாக உறுத்துகிறது.

குருட்டாம்போக்கா? 2016 ஆகஸ்ட் 13, காலை ஒன்பது மணி. எங்கள் புளோக்குக்குக் கீழே இருக்கும் கோப்பிக் கடையில் பரோட்டா போடுகிறவர்கூடக் கல்லை விட்டுவிட்டு டிவி முன்னால் வந்து நின்றார். ரியோ ஒலிம்பிக்கில் 100 மீட்டர் வண்ணத்துப்பூச்சி நீச்சல் இறுதிப் போட்டி. ஸ்கூலிங் 50.39 விநாடியில் சுவரைத் தொட்டார். ஒலிம்பிக் சாதனை. அவருக்குப் பின்னால் வந்த ஃபெல்ப்ஸ், லெ கிளோஸ், செஹ் மூன்று பேரும் ஒன்றாக 51.14. அந்த வேகத்தில் முக்கால் விநாடி என்றால் ஒரு மீட்டருக்கும் மேல். ஒலிம்பிக்கில் முதல் முறையாக நம் தேசிய கீதம் 'மாஜுலா சிங்கப்பூரா' ஒலித்தபோது முன்பின் தெரியாத ஒரு சீனப் பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். அன்றைக்கு யாரும் அதிர்ஷ்டம் என்று சொல்லவில்லையே!

2012இல் லண்டன் ஒலிம்பிக்கில், 17 வயதுப் பையன், போட்டிக்குச் சற்று முன்னால் தொப்பியும் கண்ணாடியும் செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். மாற்றிக்கொண்டு அவசரமாக இறங்கித் தோற்றார். 2014இல் கிளாஸ்கோ காமன்வெல்த் விளையாட்டில் வெள்ளி, ஆசிய விளையாட்டில் தங்கம். 2015இல் கசான் உலகப் போட்டியில் வெண்கலம், இங்கே நடந்த தென்கிழக்காசிய விளையாட்டில் ஒன்பது தங்கம். ரியோவுக்கு அப்புறமும், 2018இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் இரண்டு தங்கம். இத்தனை வருஷமும் குருட்டாம்போக்கா?

ரியோவில் ஜெயித்ததற்குப் பத்து லட்சம் சிங்கப்பூர் வெள்ளி பணம் வாங்கினாரே என்பீர்கள். அறிவித்திருந்த பரிசு அது. அதிலும் 20 விழுக்காடு நீச்சல் சங்கத்துக்குப் போனது. நம் பையன்கள் எல்லாரும் கட்டாயம் செய்யவேண்டிய ராணுவப் பணியான தேசிய சேவையை அவருக்கு மட்டும் தள்ளிவைத்தார்களே என்பீர்கள். ஆமாம், தள்ளிவைத்தார்கள். அந்த ஆதங்கம் எனக்கும் புரிகிறது, என் தம்பிக்கு யாரும் எதையும் தள்ளிவைக்கவில்லை. ஆனால் 2022இல் அவரும் சேவையில் சேர்ந்தார்.

கஞ்சா. சரி, தப்புதான். நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் சிறுநீர்ச் சோதனையில் எதுவும் தெரியவில்லை. அவராக ஒப்புக்கொண்டார், மன்னிப்பும் கேட்டார். அதற்கு முன்பே, 2021 ஜூலையில் டோக்கியோ ஒலிம்பிக்கில் அதே போட்டியில் 53.12, தன் தகுதிச் சுற்றுப் பிரிவில் கடைசி. அதே வருஷம் நவம்பரில் அவருடைய தகப்பனார் இறந்தார். அந்தக் காலத்தில் அவரைப் பற்றி எழுதியதையெல்லாம் நான் படித்தேன். ரியோவுக்கு அப்புறம் நடந்த வெற்றி ஊர்வலத்தில் அவருடைய திறந்த பேருந்துக்குப் பின்னால் ஓடியவர்களே அவரைத் திட்டி எழுதினார்கள். தோற்றால் மனிதனில்லையா? டோக்கியோவில் தோற்றதால் ரியோவில் ஜெயித்தது இல்லாமல் போய்விடுமா?

உங்களில் சிலருக்குத்தான் இது தெரியும். என் பெரியவன் நாலு வருஷம் நீச்சல் பழகினான். ஒரு பள்ளிப் போட்டியில் கடைசியாக வந்தான். கரையில் நின்ற ஒரு பயிற்றுநர், எல்லாப் பெற்றோரும் கேட்க, "காசுக்குப் பிடித்த கேடு" என்றார். பையன் துண்டைப் போர்த்திக்கொண்டு பேருந்தில் ஒரு வார்த்தை பேசாமல் வந்தான். அதோடு குளத்துப் பக்கமே போகவில்லை. இப்போது 17 வயது. கடற்கரைக்குப் போனாலும் கால் நனைப்பதோடு சரி. அன்றைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை.

ஒரு நகைச்சுவைக்கு இவ்வளவா என்று கேட்பவர்களுக்கு என்ன சொல்வது? சிரித்தபோது என் சின்னவளின் முகத்தை நீங்கள் பார்க்கவில்லை. அவள் இந்த வருஷம்தான் நீச்சல் வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். வீட்டுக்கு வந்ததும், "தோத்துட்டா எல்லாரும் இப்படித்தான் சிரிப்பாங்களாம்மா?" என்று கேட்டாள். ரியோ போட்டியை எடுத்து அவளுக்குப் போட்டுக்காட்டினேன், மூன்று தடவை. பெரியவனும் வந்து பின்னால் நின்றான்.

அடுத்த மாதம் மறுபடி அதே வீட்டில் கூடுகிறோம். இந்தப் பேச்சு வந்தால் இந்த முறை சும்மா இருக்க மாட்டேன். இப்போதே சொல்லிவிட்டேன்.