ரத்தத்தின் மேல் பழியைப் போடாதீர்கள்

பிழைக்க வந்த சமூகங்களில் நோய் அதிகம் என்று பேச்சு வந்தாலே யாராவது ஒருவர் ‘அது அவங்க ரத்தத்திலேயே இருக்கு’ என்று சொல்லி முடித்துவிடுகிறார். நன்றாகப் படித்தவர்களும்கூட. எனக்குக் கோபம் வருகிறது, ஏனென்றால் அந்த ஒரு வார்த்தையோடு வீடு, வேலை, கூலி, விசா பயம் எல்லாமே பேச்சிலிருந்து காணாமல் போய்விடுகின்றன.

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் பிறந்த குழந்தைகளின் எடையை ஒப்பிட்டு ரிச்சர்ட் டேவிட், ஜேம்ஸ் காலின்ஸ் என்ற இரண்டு மருத்துவர்கள் 1997இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அமெரிக்காவிலேயே பிறந்த வெள்ளையினத் தாய்மாரின் குழந்தைகள் சராசரியாக 3446 கிராம், அங்கேயே பிறந்த கறுப்பினத் தாய்மாரின் குழந்தைகள் 3089 கிராம். சரி, இனம்தான் காரணம் என்றால் ஆப்பிரிக்காவிலிருந்து குடியேறிய தாய்மாரின் குழந்தைகளும் அதே அளவுக்கு எடை குறைந்திருக்க வேண்டும் அல்லவா? அவர்கள் 3333 கிராம், வெள்ளையினக் குழந்தைகளுக்குத்தான் நெருக்கம். அப்புறம் அடுத்த தலைமுறையையும் பார்த்தார்கள்: குடியேறிய கறுப்பினத் தாய்மாருக்கு அமெரிக்காவில் பிறந்த மகள்கள் வளர்ந்து பெற்ற பெண் குழந்தைகள், அந்த மகள்கள் பிறந்தபோது இருந்ததைவிடச் சராசரியில் எடை குறைவு. ஒரே தலைமுறையில் மரபணு மாறிவிடாது. அந்த நாட்டில் கறுப்பினப் பெண்ணாக வளர்வது என்ற அனுபவம்தான் இடையில் வந்து சேர்ந்தது.

மரபணுவுக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. தெற்காசியர்களுக்குக் குறைந்த உடல் எடையிலேயே சர்க்கரை நோய் வருவது உண்மைதான். ஆனால் அது எப்போது கண்டுபிடிக்கப்படுகிறது என்பதை ரத்தம் தீர்மானிப்பதில்லை, பரிசோதனைக்குப் போக ஒரு நாள் லீவு போட்டால் கூலி போய்விடும் என்ற நிலைமை தீர்மானிக்கிறது. கருவிகளும் அப்படியே. விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கும் கருவி, கறுப்பின நோயாளிகளின் ஆபத்தான குறைவை வெள்ளையினத்தவரைவிடக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு அதிகமாகத் தவறவிடுகிறது என்று 2020இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. நிறமியைச் சரியாகக் கணக்கில் எடுக்காமல் கருவி செய்தால் குறை தோலில் இல்லை, செய்தவர்களிடம் இருக்கிறது.

எனக்கு எல்லாவற்றையும்விட வலிப்பது மொழி. டாக்டருக்கும் அம்மாவுக்கும் நடுவில் பள்ளிக்கூடம் போகிற மகள் உட்கார்ந்து மொழிபெயர்க்கிறாள். மார்பில் கட்டி, உதிரப்போக்கு, ராத்திரியில் வருகிற அழுகை, இதையெல்லாம் பிள்ளையின் வாயால் சொல்லவைக்க எந்த அம்மாவுக்கு மனசு வரும்? பாதியை விழுங்கிவிடுகிறாள். அந்தப் பாதி மருத்துவக் குறிப்பில் ஏறுவதே இல்லை. அங்கே ஒரு மொழிபெயர்ப்பாளரை உட்காரவைப்பது மருத்துவமனையின் பொறுப்பு, அந்தப் பிள்ளையின் பொறுப்பு இல்லை.