வரலாற்றுப் பேராசிரியர் எடுக்கும் படத்தில் அடிக்குறிப்பு எங்கே இருக்கும்?

ஒரு வரலாற்றுப் பேராசிரியர் ஆவணப்படம் எடுக்கிறார் என்றால் நம் கல்லூரிகளில் அதை ஓய்வுநேர ஆர்வமாகத்தான் பார்க்கிறார்கள். ஆராய்ச்சி வேறு, படம் வேறு என்பது எண்ணம். எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. உமா சக்கரவர்த்தி எடுத்த படங்களையும் அவற்றுக்கு அவர் தேர்ந்தெடுத்த ஆட்களையும் பார்த்தாலே போதும்.

1966இல் டெல்லி மிராண்டா ஹவுஸ் கல்லூரியில் சேர்ந்து பல பத்தாண்டுகள் வரலாறு கற்பித்தவர் அவர். தொடக்ககால பௌத்தம், பண்டித ரமாபாய், சாதியும் பாலினமும் என்று அவருடைய ஆய்வுகள் விரிந்தவை. படம் எடுக்க வந்தது அறுபது வயதைத் தாண்டிய பிறகு. எடுத்துக்கொண்ட முதல் ஆள் சுப்பலட்சுமி (1897-1978). விதவைகளுக்கு இல்லம் நடத்திய சகோதரி சுப்புலட்சுமி வேறு, இவர் வேறு. இவருக்கு 11 வயதில் கல்யாணம், 14 வயதில் குழந்தை, கணவருக்கு உப்புத் துறையில் வேலை. பள்ளிக்கூடம் கிடைக்காத இந்தப் பெண் வீட்டிலேயே படித்துத் தீர்த்தார். அவர் விட்டுப்போனது ஒரு பெட்டி: நாட்குறிப்புத் துண்டுகள், கடிதங்கள், படித்தவற்றின் குறிப்புகள். பேத்தி மைதிலி சிவராமன் அந்தப் பெட்டியைத் திறந்து நூலாக எழுதினார். உமா அதைத் திரைக்குக் கொண்டுவந்தார்.

அடுத்து மைதிலியைப் பற்றியே ஒரு படம். 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டதை எழுதி உலகுக்குச் சொன்னவர்களில் ஒருவர் அவர். படம் எடுத்த காலத்தில் அவருக்கே நினைவு மங்கத் தொடங்கியிருந்தது. பிறகு லக்னோவின் இஸ்லாமிய அறிஞர் குடும்பமான ஃபிரங்கி மஹலின் பெண்கள். பிறகு நடிகை சினேகலதா ரெட்டி: நெருக்கடி நிலையின்போது 1976இல் கைதாகிப் பெங்களூர்ச் சிறையில் ஆஸ்துமாவோடு போராடி, வெளியே விடப்பட்ட சில நாட்களில், 1977 ஜனவரியில் இறந்தவர். அவர் விட்டுப்போனதும் ஒரு நாட்குறிப்புதான்.

அரசு ஆவணக் காப்பகத்தில் இந்தப் பெண்களின் வாழ்க்கையைத் தேடினால் பெரிதாக எதுவும் சிக்காது. புத்தகத்தில் நாட்குறிப்பின் வரியை மேற்கோள் காட்டலாம். அந்த வரி எந்த அளவுக் காகிதத்தில், எவ்வளவு நெருக்கி எழுதப்பட்டது, எங்கே பாதியில் நின்றது, அதன்பின் எத்தனை பக்கம் வெறுமையாகக் கிடக்கிறது என்பதைப் படம்தான் காட்டும். வெற்றுப் பக்கமும் ஒரு சான்று. அதைச் சான்றாகப் படிக்கத் தெரிந்தவர் வரலாற்றாசிரியர். அதனால்தான் இந்த வேலையை அவர் செய்ய வேண்டும் என்கிறேன்.

ஆனால் பேராசிரியர்கள் எடுக்கும் படங்களில் பல, படங்கள் ஒட்டிய விரிவுரையாகவே முடிகின்றன. காரணம் எளிது. கட்டுரையை எழுதி முடித்துவிட்டு அதற்குக் காட்சி தேடுகிறார்கள். தமிழில் நிதானமாக வாசித்தால் நிமிடத்துக்கு 90 முதல் 100 சொல்தான் போகும். 45 நிமிடப் படத்தில் பாதி நேரம் பின்னணிக் குரல் என்று வைத்தாலும் 2,250 சொல்லுக்கு மேல் இடமில்லை, அதுவே அதிகம். 8,000 சொல் ஆய்வுக் கட்டுரை இதற்குள் எப்படி அடங்கும்? முதலில் என்னென்ன பொருள் இருக்கிறது, யார் பேசுவார்கள், எந்த இடம் இன்னும் நிற்கிறது என்று பட்டியல் போட்டு, அதிலிருந்து வாதத்தைக் கட்ட வேண்டும்.

பழைய தாளைப் படமெடுப்பதில் நடக்கும் தவறுகள்தான் எனக்கு அதிகம் வலிக்கின்றன. சுருண்ட பக்கத்தைக் கண்ணாடி வைத்து அழுத்துகிறார்கள், மடிப்பில் முறிந்துவிடும். கட்டு விரியாத நோட்டை 180 பாகைக்கு விரிக்கக் கூடாது. இரண்டு பக்கமும் துண்டை மடித்து முட்டுக்கொடுத்து, 100 பாகை அளவில் திறந்து, ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் எடுக்க வேண்டும். கேமரா நேர் மேலே, இருபுறமும் 45 பாகையில் ஒரே மாதிரி இரண்டு விளக்கு, ஆட்டோஃபோகஸை அணைத்துவிட வேண்டும். பேனாவின் அழுத்தம் தெரிய வேண்டுமானால் ஒரு விளக்கை அணைத்து மற்றதைத் தாளின் மட்டத்துக்குத் தாழ்த்துங்கள். எழுத்தின் பள்ளம் நிழலாக எழும். புகைப்படம் ஆல்பத்தில் ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள், அப்படியே எடுங்கள். தனியாக இருந்தால் பின்பக்கத்தையும் 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்யுங்கள். ஸ்டூடியோ முத்திரை, பென்சில் குறிப்பு, தேதி எல்லாம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். திரையில் கையெழுத்தைக் காட்டும்போது வாய்விட்டு இரண்டு முறை படிக்கும் நேரம் நிறுத்த வேண்டும்.

நேர்காணலைக் கெடுப்பது பெரும்பாலும் ஒலி. மின்விசிறியையும் ஏசியையும் நிறுத்த வேண்டும். வயதானவர்களுக்கு நம் ஊர் வெயிலில் அது வேதனை என்பதால் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இடைவெளி விட்டு, காலை 7 மணிக்கே தொடங்குவது நல்லது. உடையில் குத்தும் சிறு மைக்கை (லேப்பல் மைக்) பட்டுப்புடவையில் குத்தினால் சரசரப்பு ஏறும். பருத்தி ரவிக்கையின் ஓரத்தில் பொருத்தலாம். ஒலிப்பதிவுக் கருவியில் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்று வைத்து, ஒலியின் உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் பாருங்கள். முடிந்ததும் யாரும் பேசாமல் ஒரு நிமிடம் அந்த அறையின் அமைதியையும் பதிவு செய்யுங்கள், வெட்டும்போது உயிர்காக்கும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் குழல்விளக்கு மினுக்காமல் இருக்க நொடிக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50. கேள்வி கேட்டுப் பழகிய ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பதில் நின்ற பிறகும் 5 விநாடி சும்மா இருங்கள். நல்ல வாக்கியம் அதற்குப் பிறகுதான் வரும்.

தோராயக் காட்சிதான் மிகப் பெரிய ஒழுக்கக்கேடு. 1930களின் சென்னையைப் பற்றிப் பேசும்போது எங்கேயோ கிடைத்த ரயில், எந்த ஊர் என்று தெரியாத கூட்டம். பார்ப்பவர் அதைச் சான்றாகவே எடுத்துக்கொள்வார். கட்டுரையில் வேறொரு ஆவணத்தின் எண்ணைப் போட்டால் மோசடி என்போம், இதுவும் அதுதான். செயற்கை நுண்ணறிவில் 'பழைய படம்' உருவாக்கிச் செருகுவது அதைவிட மோசம். படம் இல்லையென்றால் இல்லை என்பதைக் காட்டுங்கள்: காலி அறை, இடிந்த வீடு, கறுப்புத் திரை. அடிக்குறிப்புக்கும் வழி உண்டு. ஒவ்வொரு ஷாட்டுக்கும் டைம்கோடு (படத்தில் எத்தனையாவது நிமிடம், நொடி என்ற குறி), மூலம், தேதி, உரிமையாளர், ஐயம் என்று ஐந்து நெடுவரிசைகள் கொண்ட அட்டவணை ஒன்றைப் படத்தோடு சேர்த்து வெளியிட வேண்டும்.

உரிமை விஷயத்தில் பலரும் சறுக்குகிறார்கள். கடிதத்தைப் பெற்றவருக்குத் தாள் சொந்தம். எழுத்தின் உரிமை எழுதியவரின் வாரிசுகளுக்கு. இருவரிடமும் கையெழுத்து வாங்க வேண்டும். 2012 சட்டத் திருத்தத்துக்குப் பின், புகைப்படத்துக்கு இந்தியாவில் பொதுவாக எடுத்தவரின் வாழ்நாளும் அதன்பின் 60 ஆண்டும் பதிப்புரிமை. பொதுத் திரையிடலுக்குத் தணிக்கைச் சான்றிதழ் வேண்டும்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகளில், மொழி, கலை, சமூக அறிவியல் துறைகளின் ஆய்வுக் கட்டுரை ஒன்றுக்கு 10 மதிப்பெண். ஆவணப்படத்துக்கென்று அந்த அட்டவணையில் ஒரு வரிசையே இல்லை. ஒரு படத்துக்கு இரண்டு மூன்று ஆண்டு உழைப்பு போகிறது. ஒரு மணிநேர நேர்காணலை எழுத்தாக்க மட்டும் ஐந்தாறு மணிநேரம் ஆகும். பதவி உயர்வுக்கு உதவாத வேலையை இளம் விரிவுரையாளர் ஏன் தொடப்போகிறார்? ஓய்வு பெற்ற பிறகுதான் பேராசிரியர் கேமராவைத் தொட முடியும் என்ற நிலையில், அதற்குள் எத்தனை பாட்டிகள் போய்விடுவார்கள்? மூல அட்டவணை இணைத்த படத்தைத் துறைசார்ந்த இருவர் மதிப்பிட்டு, கட்டுரைக்குச் சமமான மதிப்பெண் தர வேண்டும். இதை நம் ஆசிரியர் சங்கங்கள் கோரிக்கையாகவே வைக்கலாம்.

மதிப்பெண் கொடுக்கும்போது ஒரு நிபந்தனையும் வையுங்கள். 45 நிமிடப் படத்துக்கு 30 மணிநேரம் பதிவு செய்திருப்பார்கள். படம் வெளியானதும் மிச்சமெல்லாம் ஒரே ஒரு ஹார்டு டிஸ்க்கில் அலமாரிக்குப் போய், ஐந்தாறு ஆண்டுகளில் திறக்காமல் போய்விடுகிறது. பேசியவரின் சம்மதக் கடிதம், டைம்கோடு போட்ட எழுத்துவடிவம், வெட்டாத முழுப் பதிவு, இந்த மூன்றும் தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற ஓர் இடத்துக்கோ கல்லூரி நூலகத்துக்கோ போய்ச் சேர்ந்த ரசீதைக் காட்டினால்தான் மதிப்பெண் என்று.